புரியலையே, புலியாரே

இரண்டு பெஞ்சுகளைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, முன்னால் அரிசிச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் புலிக்கூண்டு தயார். சாக்குக்குப் பின்னால் ஒரு பிள்ளை உறுமும். வெளியே இன்னொரு பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு அப்பாவியாக நிற்கும். மிச்சம் முப்பது பேரும் மூச்சு விடமாட்டார்கள். சாதமும் முட்டையும் வயிற்றுக்குள் போன பிறகு வருகிற இரண்டு மணி வகுப்பில் முப்பது பேரை விழித்திருக்க வைப்பது என்ன பாடு என்று ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். கூண்டில் மாட்டிய புலி வழிப்போக்கனிடம் கெஞ்சுகிறது. இரக்கப்பட்டுத் திறந்துவிடுகிறான். வெளியே வந்ததும், “பசிக்கிறது, உன்னைத்தான் தின்னப் போகிறேன்” என்கிறது. நியாயம் கேட்டு மரத்திடமும் மாட்டிடமும் போகிறான். மனிதன் எங்களுக்குச் செய்த நன்றிகெட்ட வேலைக்கு இது சரிதான் என்று எல்லாரும் கைவிரிக்கிறார்கள். கடைசியில் நரி வருகிறது. வழக்கை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிகிறது. எனக்கு ஒன்றும் புரியலையே, கூண்டுக்குள் இருந்தது நீயா இவனா? அல்லது கூண்டுதான் உனக்குள் இருந்ததா? புலி திரும்பத் திரும்ப விளக்கிப் பார்க்கிறது. கடைசியில் பொறுமை போய், “இப்படித்தான் இருந்தேன்” என்று உள்ளே நுழைந்தே காட்டுகிறது. கதவு விழுகிறது.

இந்தக் கதையை எத்தனை வகுப்புகளுக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிய ரொம்ப வருடம் ஆனது.

2004-ல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பள்ளி பெரியபாளையம் பக்கம். ஆரணியாற்றங்கரையை ஒட்டிய செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்த புதிது. பயிற்சிப் பள்ளி நூலகத்தில் படித்த கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குஜராத்தியில் 1930-களில் வந்த புத்தகம் அது. அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் வகுப்பை அமைதிப்படுத்தப் பார்த்துத் தோற்றுப்போவார், மறுநாள் கதை சொல்லத் தொடங்கியதும் பிள்ளைகள் அவர் பக்கம் வந்துவிடுவார்கள். நானும் அதே மாதிரி கதையோடு போனேன். கதையின் கடைசியில் ‘நீதி’யை மட்டும் விடாமல் சேர்த்துக்கொண்டேன். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது, கட்டம் கட்டி, தடித்த எழுத்தில்!

முதல் அடி வடை சுட்ட பாட்டியிடமிருந்து விழுந்தது. காக்கா வடையைத் தூக்கியது, நரி பாடச் சொன்னது, வடை விழுந்தது. “இதிலிருந்து என்ன தெரியுது?” என்று கேட்டேன். புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது என்று வரும் என எதிர்பார்த்தேன். ஒரு பெண் எழுந்து, “பாட்டி வடைய மூடி வெக்கணும் டீச்சர்” என்றாள். அவள் அம்மா சூளை வாசலில் போண்டா போட்டு விற்பவர். அவள் சொன்னது முழுக்க முழுக்கத் தொழில் அறிவு. யோசித்துப் பார்த்தால் அந்தக் கதையில் உண்மையில் நஷ்டப்பட்டவள் பாட்டி ஒருத்திதான். காக்காவுக்காக நாம் பரிதாபப்படுகிறோம், அது வைத்திருந்ததே திருட்டு வடை.

இரண்டாவது அடி பலமாக விழுந்தது. தெனாலி ராமன் வீட்டுக்குத் திருடர்கள் வந்து ஒளிந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்ட ராமன், நகையெல்லாம் பெட்டியில் போட்டுக் கிணற்றில் இறக்கிவிட்டேன் என்று மனைவியிடம் சத்தமாகச் சொல்கிறான். பெட்டிக்குள் கல்தான். திருடர்கள் விடிய விடியத் தண்ணீர் இறைக்கிறார்கள். ராமன் இருட்டில் மடை திருப்பித் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொள்கிறான். காலையில், “போதும் அப்பா, தோட்டம் நிரம்பிவிட்டது” என்கிறான். இந்த இடத்தில் வகுப்பே சிரிக்கும். அன்றைக்கும் சிரித்தது. இருளர் குடியிருப்பிலிருந்து வந்த பையன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

“அவங்களுக்குக் கூலி குடுத்தாரா டீச்சர்?”

“திருடங்களுக்கு எதுக்குடா கூலி?”

“ராத்திரி பூரா தண்ணி எறச்சாங்க இல்ல?”

என்னிடம் பதில் இல்லை. அவன் அப்பாவும் அம்மாவும் அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கல் அறுத்தவர்கள். கணக்கு எப்போதும் முதலாளியின் நோட்டில் இருக்கும், தீர்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பங்களை மீட்டார்கள் என்ற செய்தி அதற்கு எத்தனையோ வருடம் கழித்தும் பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருந்தது. ஊரில் எங்கே எது காணாமல் போனாலும் முதலில் அந்தக் குடியிருப்புப் பக்கம்தான் கை நீளும் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்திருந்தும் திருடர்களை முழி பிதுங்க, வாய் கோண நடித்துக் காட்டினேன்.

அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ராஜாவின் சபையில் நிற்கிற ராமன் சின்னவன். கிருஷ்ணதேவராயர் ஒரு சொல் சொன்னால் அவன் தலை போய்விடும். அதனால் அங்கே அவன் செய்யும் தந்திரம் இனிக்கிறது. அதே ராமன் கிணற்றடிக்கு வந்ததும் மேஸ்திரி ஆகிவிடுகிறான். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் பிடித்து, கூலி இல்லாமல் வேலை வாங்கி, விடிந்ததும் அனுப்பிவிடுகிறான். இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் எல்லாரும் தோட்டம் வைத்திருந்தவர்கள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து எந்தத் தந்திரக் கதையை எடுத்தாலும் அந்தப் பையனின் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்வேன். கிணற்றுக் கதையை விட்டுவிடவில்லை. திருடர்களை முழி பிதுங்கவைப்பதை நிறுத்தினேன். காலையில் ராமன் வரும் இடத்தில் நிறுத்தி, “இப்ப அவங்க என்ன கேட்டிருப்பாங்க?” என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுவேன். ஒரு வருடம் ஒரு பிள்ளை, திருடர்கள் அடுத்த மாதம் திரும்பி வந்து கத்திரிக்காய் பறித்துக்கொண்டு போனார்கள், ஏனென்றால் தண்ணீர் விட்டது அவர்கள்தான் என்று முடித்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “என்னம்மா, திருட்டுக்கு நியாயம் கற்பிக்கிறீங்களா?” என்றார். நல்ல மனிதர். அவருக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை.

2007-ல் செயல்வழிக் கற்றல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, குழுக்கள். அதனால் கிடைத்த நன்மைகளை மறுக்கமாட்டேன், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்ததே பெரிய விஷயம். ஆனால் அட்டை கையில் இருக்கும்போது ஆசிரியர் வாயைத் திறந்து கதை சொன்னால் ஏதோ பாடம் தப்புகிற மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி வரும். கதையை மதியத்துக்குத் தள்ளினேன். அது மதியத்திலேயே தங்கிவிட்டது.

பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாறுதல். சென்னையிலிருந்து வடக்கே போகிற மின்சார ரயில்களில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எளாவூர், ஆரம்பாக்கம், பிறகு ஆந்திரா. ஒரு பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. எங்கள் பள்ளியின் ஜன்னல் கம்பியில் காலையில் துணி போட்டுத் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி கறுப்பாகத் தூசு படிந்திருக்கும். ஷிப்டு சங்கு ஊதினால் சொல்லிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை அப்படியே நிறுத்திவைத்து, ஊதி முடித்ததும் எடுக்க வேண்டும். இது ஒருவிதத்தில் நல்ல பயிற்சி. புலி பாயப்போகிற இடத்தில் சங்கு ஊதினால் அதைவிட நல்ல பின்னணி இசை கிடைக்காது.

வருகைப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் பாதிதான். எல்லைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு ஒப்பந்த வேலைக்கு வந்த ஒடியா, பீகார், வங்காளக் குடும்பங்கள், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிற பிள்ளைகள். முகாம் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், ஆனால் வீட்டில் பாட்டி பேசுகிற தமிழ் வேறு. ஒரு பெண் எப்போதும் ‘நரியார்’ என்றுதான் சொல்வாள். “நரி ஏமாத்துதுடி, அதுக்கு என்ன மரியாதை?” என்று கேட்டார்கள். “ஏமாத்துறவர்தான், எண்டாலும் பெரியாள்” என்றாள். அந்த வாரமே எங்கள் வகுப்பில் எல்லா மிருகத்துக்கும் ‘ஆர்’ விகுதி ஒட்டிக்கொண்டது. புலியார், முதலையார், கொசுவார்.

தெனாலி ராமன் வந்த அன்று சண்டையே நடந்தது. நான் கதையைத் தொடங்கியதும் ஆரம்பாக்கத்துப் பையன், “அவரு எங்க ஆளு டீச்சர், நீங்க ஏன் சொல்றீங்க?” என்றான். தெனாலி குண்டூர் மாவட்டத்து ஊர், அவர் பாடியது தெலுங்கில், அதெல்லாம் சரிதான். காளி கதை சொல்லித்தான் சமாதானம் செய்தேன். ஆயிரம் முகத்தோடு எதிரில் வந்து நின்ற காளியைப் பார்த்து ராமன் சிரிக்கிறான். எனக்கு ஒரு மூக்கு, சளி பிடித்தால் துடைக்க இரண்டு கை போதவில்லை. தாயே, ஆயிரம் மூக்குக்கும் சேர்த்து உனக்கும் இரண்டே கைதானே? காளிக்கே சிரிப்பு வந்து, நீ விகடகவி ஆவாய் என்கிறாள். கரும்பலகையில் வி, க, ட, க, வி என்று எழுதி, தெலுங்குப் பையனை அழைத்து அதன் கீழே அவன் எழுத்தில் எழுதச் சொன்னேன். இரண்டையும் பின்னாலிருந்து படித்துப் பார்த்தார்கள். இரண்டும் அதே. சண்டை அங்கேயே முடிந்தது. அடுத்த பத்து நிமிடம் பாப்பா, காக்கா, கைரேகை என்று கத்தித் தீர்த்தார்கள். சளி பிடிக்காத பிள்ளை எங்கள் பகுதியில் குறைவு. அதனால் ஆயிரம் மூக்கை அவர்கள் ரசித்த மாதிரி வேறு யாரும் ரசிக்க முடியாது.

அம்புலிமாமாவும் தெலுங்குச் சந்தமாமாவும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து ஒன்றாகத்தான் புறப்பட்டன. அதைப் படித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு ராமன் எந்த மொழிக்காரன் என்ற கேள்வியே வந்ததில்லை. இந்தப் பிள்ளைகளால்தான் நான் மற்ற ஊர்த் தந்திரக்காரர்களையும் தெரிந்துகொண்டேன். கதை சொல்லும் நாளன்று பெற்றோர் யாராவது வந்தால், உங்கள் ஊரில் இப்படி யார் என்று கேட்பேன். வங்காளத்து அம்மா ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் “கோபால் பார்!” என்றார். நாதியா அரசர் கிருஷ்ணசந்திரரின் சபையில் இருந்தவராகச் சொல்லப்படும் வழுக்கைத் தலை, தொந்தி வயிற்று ஆள். பீகாரிலிருந்து வந்த அப்பா ஒருவர், மிதிலையில் கோனு ஜா என்றார். அவர் சொன்ன கதை எனக்குத் தெரிந்த கிணற்றுக் கதையேதான். கிணற்றுக்குப் பதில் நிலம். புதையல் இருக்கிறது என்று நம்பித் திருடர்கள் ராத்திரி முழுக்க நிலத்தைக் கொத்திப்போடுகிறார்கள், காலையில் கோனு ஜா விதைக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய பையனின் முகமும் வந்தது. அங்கேயும் கூலி இல்லை!

பிழைக்கப் போகிற இடத்துக்கெல்லாம் இந்தக் கதைகள் கூடவே போகும். கானா நாட்டு அக்கான் மக்களின் அனான்சி என்ற சிலந்தி அடிமைக் கப்பலேறி ஜமைக்காவுக்குப் போனது. கையில் ஒரு துணிமூட்டைகூட இல்லாமல் ஏற்றப்பட்டவர்கள் தலைக்குள் வைத்துக் கொண்டுபோனது அது. சின்னப் பூச்சி பெரிய மிருகங்களை ஏமாற்றுகிற கதையை அங்கே யார் யாரை நினைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

சொல்லும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள், குரலை எப்படி மாற்றுவது, பொம்மை எங்கே வாங்குவது என்று. பொம்மை காலுறையில் செய்துகொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. நான் முதலில் செய்த தப்பு, நரிக்குக் கீச்சுக் குரல் கொடுத்தது. கேட்டவுடனே இது திருட்டு நரி என்று தெரிந்துவிடும், பிறகு ஏமாறுகிற புலி முட்டாளாகிவிடும். முட்டாளை ஏமாற்றுவதில் என்ன சுகம்? நரியைத் தாழ்ந்த குரலில், கொஞ்சம் களைத்துப்போய், உண்மையிலேயே கவலையோடு பேச வைக்க வேண்டும். சொல்கிற எனக்கே ஒரு நொடி சந்தேகம் வர வேண்டும், இதற்கு நிஜமாகவே புரியவில்லையோ என்று.

அப்புறம் ‘ம்’ கொட்ட ஒரு ஆள். பாட்டிகள் இல்லாமல் கதையே சொல்லமாட்டார்களே, அந்த ஆள். வகுப்பில் தினம் ஒரு பிள்ளைக்கு அந்தப் பதவி. எழுத்து தெரியாத பிள்ளைக்கும் தமிழ் தெரியாத பிள்ளைக்கும் உடனே கொடுக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். ‘ம்’ எல்லா மொழியிலும் ‘ம்’தான்.

ஒன்றிரண்டு கதைகளைச் சின்ன வகுப்புக்குச் சொல்வதை விட்டுவிட்டேன். ராமனின் பூனைக் கதை அதில் ஒன்று. ராஜா ஆளுக்கொரு பூனை கொடுத்து, பால் ஊற்றி வளர்க்கச் சொல்லிப் பசுவும் கொடுக்கிறார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைக்கிறான், அதற்குப் பிறகு பூனை பாலைக் கண்டாலே ஓடுகிறது, பால் முழுக்க ராமனுக்கு. இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் கேவிக் கேவி அழுதாள், “நாக்கு வெந்திருக்கும்” என்று. மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், பாலில் மிளகாய்த்தூள் என்று. இன்னும் மோசம், இரண்டு பேர் அழுதார்கள். ஐந்தாம் வகுப்பில் சொல்லலாம், ராமன் செய்தது சரியா என்று அடித்துக்கொள்வார்கள். ஆறு வயதில் பூனை பக்கம்தான் நிற்பார்கள். பூனைதானே அங்கே ஆகச் சின்னது.

2022 ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். கொரோனா மூடலில் எழுத்தை மறந்துபோன, எழுத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்காக. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. வகுப்பறையில் கதைக்களம் என்று ஒரு மூலை. பயிற்சியில் அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சின்ன வெற்றிக் களிப்பு. பதினைந்து வருடமாக மதியத்தில் ஒளித்துவைத்திருந்த சரக்குக்குக் கடைசியில் அரசாங்கமே இடம் ஒதுக்கிவிட்டது. மறுவருடம் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று சின்னச் சின்னப் புத்தகங்களும் வந்தன. படிவங்களும் கூடவே வந்தன, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

புலிக்கூண்டுக் கதை பழையது. 1868-ல் மேரி ஃப்ரியர் ஆங்கிலத்தில் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பிலேயே இருக்கிறது. பம்பாய் கவர்னரின் மகள் அவர். கதைகளை அவருக்குச் சொன்னது அந்த வீட்டு ஆயா, அன்னா லிபரேட்டா டிசோசா. அந்தக் கதையில் ஆலமரம், ஒட்டகம், மாடு, கழுகு, முதலை என்று சாட்சிகள் வரிசை நீளம். எங்கள் வகுப்பில் சாட்சிகளைப் பிள்ளைகள் நியமிப்பார்கள். மனிதன் நன்றி கெட்டவன் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு உரிமை என்று கேட்டால் போதும். புளியமரம் வந்தது, ரோடு அகலப்படுத்தும்போது வெட்டப்பட்டதாக. ஏரி வந்தது. “எங்கிட்ட தண்ணி குடிச்சிட்டு எங்கிட்டயே குப்பை கொட்டுறாங்க, தின்னு புலியாரே, நல்லா தின்னு!” என்று ஏரி தீர்ப்புச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. வழிப்போக்கனுக்கு அன்றைக்கு ஆதரவே இல்லை.

இந்தக் கதைக்குள்தான் ஒரு ஒடியாப் பையன் வந்தான்.

இரண்டாம் வகுப்பில், ஆகஸ்டு மாதம் சேர்ந்தான். அப்பா உருட்டாலையில் ஒப்பந்தக் கூலி. ஏழு வயது. மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. அரும்பு நிலை என்று எழுதி வைத்திருந்தேன். ஏதாவது கேட்டால் என் வாயையே பார்ப்பான். “புரியுதா? புரியலையா?” என்று நான் கேட்பதும் அவன் பார்ப்பதும் தினசரி வழக்கம். ‘ம்’ கொட்டும் வேலை கொடுத்தேன், அதை மட்டும் வேளை தவறாமல் செய்தான்.

கூண்டுக் கதையை நாலைந்து தடவை ஆடியாகிவிட்டது. ஒரு நாள் நரியாக இருந்த பையன் வரவில்லை. நரி யார் என்று கேட்டேன். இவன் எழுந்து வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். சாக்குக்கு வெளியே நின்ற புலி எங்கள் வகுப்பிலேயே வாயாடிப் பெண். அவள் வழக்கை விளக்கினாள். நான் கூண்டுக்குள்ள இருந்தேன், இவன் வந்தான், தெறந்தான்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு, தெளிவாக, “புரியல” என்றான்.

அவன் பேசிய முதல் தமிழ்ச் சொல் அது.

அவள் மறுபடி விளக்கினாள். “புரியல.” கையால் காட்டி விளக்கினாள். “புரியல.” வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. அவன் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் எந்த நரிக்கும் சொல்லித்தர முடிந்ததில்லை. அவன் மூன்று மாதமாகத் தினமும் ஒத்திகை பார்த்த முகம். ஏழோ எட்டோ தடவை ஆன பிறகு புலிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்து, “உனக்கு எத்தன தடவ சொல்றது? காது கேக்குதா இல்லையா?” என்று கத்தினாள்.

என் வாக்கியம். என் குரல். அந்த ‘எத்தன’வில் வருகிற அழுத்தம்கூட என்னுடையதுதான். முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு புலி தரையை உதைத்துக்கொண்டு கூண்டுக்குள் போனது. அவன் நிதானமாகச் சாக்கை இழுத்து மூடினான்.

மறுநாளிலிருந்து நரி வேடத்துக்கு அடிதடி. தெலுங்குப் பையன் “அர்த்தம் காலேது” என்றான். முகாம் பெண் “விளங்கேல்லை புலியார்” என்றாள். பீகார் பிள்ளைகள் “சமஜ் மே நஹீன் ஆயா.” அவனும் தன் பங்குக்கு ஒடியாவில் ஒரு தடவை சொல்லிக் காட்டினான், “புஜிலி நாஹின்”. கணக்குப் பாடத்திலும் இது தொற்றிக்கொண்டது. முன்பெல்லாம் புரியாவிட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். இப்போது நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, “புரியலையே டீச்சர்” என்றார்கள். நான் மறுபடி சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். கூண்டுக்குள் போகாமல் விளக்கப் பழகினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என்னிடமும் ஒரு தந்திரம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் கதையை இக்கட்டான இடத்தில் நிறுத்திவிடுவேன். மீதி திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு, உறவு வீடு என்று போகிற பிள்ளைகளைத் திங்களன்று பள்ளிக்கு இழுக்க இதைவிட நல்ல கயிறு இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை குரங்கும் முதலையும் கதை. முதலையின் முதுகில் குரங்கு, நட்டாற்றில் வந்துவிட்டார்கள். முதலை உண்மையைச் சொல்கிறது. என் மனைவிக்கு உன் இதயம் வேண்டுமாம். குரங்கு சுற்றிலும் பார்க்கிறது. எங்கும் தண்ணீர். அங்கே நிறுத்தினேன். “அப்புறம்? அப்புறம்?” என்று கத்தினார்கள். “திங்கக்கெழம” என்றேன். அவனும் கத்தினான், தமிழில்.

திங்கட்கிழமை அவன் இடம் காலி. ஒப்பந்தம் முடிந்து, சனிக்கிழமை ராத்திரியே குடும்பம் மூட்டை கட்டிவிட்டது. எங்கள் ஊரில் இது புதிதில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டுக்கூட வரமாட்டார்கள். பதிவேட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். குரங்கை நட்டாற்றில் விட்டுவிட்டு, அவனையும் அங்கேயே விட்டுவிட்டேனே என்று இருந்தது. இதயத்தை அத்தி மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன், திருப்பு கரைக்கு என்று குரங்கு சொல்லும், தப்பிக்கும். ஒரே நிமிடம். சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் வெள்ளிக்கிழமை எதையும் நிறுத்தியதில்லை.

அன்று மதியம், புலியாக நடிக்கும் அந்தப் பெண் மேசை பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அவனுக்கு மீதிக் கதைய சொல்லிட்டேன்.”

“உனக்கே தெரியாதே. என்னன்னு சொன்ன?”

“முதலை, இதயம் வேணும்னு சொல்லிச்சா. கொரங்கு, ‘புரியல’ன்னு சொல்லிச்சு.”

“அப்புறம்?”

“முதலை மறுபடி சொல்லிச்சு. புரியல. மறுபடி சொல்லிச்சு. புரியல. சொல்லிக்கிட்டே, சொல்லிக்கிட்டே நீந்திச்சா, கரை வந்திருச்சு.”

“எந்தக் கரை?”

“அவங்க ஊருக் கரை” என்றாள். “கொரங்கு எறங்கி வீட்டுக்குப் போயிருச்சு.”